சந்தைப்படுத்தலும் வாய்மையும்

மன்னார்க் கரையில் காயும் கருவாட்டைச் சாக்கோடு மொத்த வியாபாரியிடம் கொடுத்தால், விலை சொல்பவர் அவரே. அதை வாங்கிச் சமைப்பவர் யார், அவருக்கு எவ்வளவு தேவை என்பது நமக்குத் தெரிவதில்லை. அதை அறிந்து, அதற்கேற்பப் பொருளைக் கொண்டு சேர்ப்பதே சந்தைப்படுத்தல்.

தமிழ்நாட்டின் கடலூரைச் சேர்ந்த சி. கே. ரங்கநாதன் 1983ஆம் ஆண்டு 15,000 ரூபாயுடன் 'சிக்' ஷாம்புத் தொழிலைத் தொடங்கினார். போத்தல் வாங்க வசதியற்ற கிராமத்தவருக்குச் சிறு உறைகளில் விற்றார். கிராமங்களில் தலை கழுவிக் காட்டச் செய்தார். வெற்று உறைகளைத் திருப்பித் தந்தோருக்குப் புதியதொன்றை இலவசமாக வழங்கினார். தொழில் வளர்ந்தது.

நம் வீட்டுப் பெண்களும் மணல் படாமல் உயரமான தட்டில் கருவாட்டை உலர்த்தி, கால் கிலோப் பொதிகளாக்கி, நிறை, திகதி, விலை ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி விற்கலாம்.

ஆனால், விளம்பரம் ஒருமுறைதான் வாடிக்கையாளரை அழைத்துவரும்; மறுமுறை அழைத்துவருவது தரமே. தானியக் குவியலின் உள்ளே ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டார்கள். ஈரக் கருவாட்டை அடியில் மறைக்காத கையே தொழிலை வளர்க்கும்.