பாக்கியை வசூலிக்க யாரை அனுப்பலாம்?

ராஜா குதிரை மீது வந்துகொண்டிருந்தார். ஒரு வெளிநாட்டு வியாபாரி ஓடி வந்தார். ராஜாவையும் குதிரையையும் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டார்.

ராஜா அப்படியே நின்றுவிட்டார்!

அந்த வியாபாரிக்கு ராஜா பணம் தரவேண்டும். பலமுறை கேட்டும் தவணை சொல்லிக்கொண்டே இருந்தார். வட்டத்துக்குள் அகப்பட்டவர், கடனுக்கு வழி செய்யாமல் வெளியே கால் வைக்கக் கூடாது. அது அந்தக் காலத்து வழக்கம். வியாபாரி திருப்தி அடைந்த பிறகே ராஜா நகர்ந்தார்.

இதைச் சொன்னவர் மார்க்கோபோலோ. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து யாத்ரீகர். தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொல்கிறார்.

இன்று வட்டம் போட்டால் பாக்கிதாரர் அதைத் தாண்டி டீ குடிக்கப் போய்விடுவார்!

அதனால்தான் பலர் வசூல் ஏஜென்சியைத் தேடுகிறார்கள். கடலூர் திருப்பாப்புலியூரில் கடை வைத்திருப்பவர், கடனுக்குச் சரக்கு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். சிதம்பரத்தில் வீட்டை வாடகைக்கு விட்ட அம்மாள், "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போகிறார். "கமிஷன் போனால் போகட்டும். பாதியாவது கைக்கு வரட்டும்" என்கிறார்கள்.

சரி, யாரை அனுப்புவது?

அவர் கை, உங்கள் கை

ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் அதிகாரம் கொடுத்து அனுப்பிய ஆளிடம் பாக்கிதாரர் பணம் கட்டினால், உங்களிடமே கட்டியதற்குச் சமம். 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டப்படி ஏஜெண்டின் செயல் உங்களைக் கட்டுப்படுத்தும்.

ஒரு கடைக்காரருக்கு 80 ஆயிரம் ரூபாய் வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்சி ஆள் அதை ரொக்கமாக வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டார். கடைக்காரர் மறுபடியும் பாக்கிதாரரிடம் கேட்க முடியுமா? முடியாது. அவர் ரசீதைக் காட்டிவிடுவார். ஓடிப்போன ஏஜென்சியைப் பிடிக்க இன்னொரு ஏஜென்சி வைக்கவேண்டியதுதான்!

ஆகவே, பணம் நேராக உங்கள் பாங்கிக் கணக்குக்கு வரவேண்டும். கமிஷன் அதற்குப் பிறகு. இதற்குச் சம்மதிக்காத ஏஜென்சி வேண்டாம். நூற்றுக்கு எவ்வளவு கமிஷன் என்பதையும், யார் யார் வசூலுக்குப் போவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். பிறகு அந்த ஏஜென்சியை நிறுத்திவிட்டால், பாக்கிதாரருக்கும் உடனே கடிதம் போடுங்கள். அவர் தெரியாமல் பழைய ஆளிடம் கட்டிவிட்டால், நஷ்டம் உங்களுக்குத்தான்.

"கவலைப்படாதீர்கள். நாலு பையன்களை அனுப்புகிறோம்" என்று ஒருவர் சொல்கிறாரா? எழுந்து வந்துவிடுங்கள். மிரட்டுவது குற்றம். மிரட்டச் சொல்லித் தூண்டுவதும் குற்றம். போலீசார் வழக்கில் உங்கள் பெயரும் ஏறும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பாக்கிதாரர் வீட்டு வாசலில் ஆட்கள் கூச்சல் போட்டால், அந்தத் தெருவே வேடிக்கை பார்க்கும். அவமானம் தாங்காமல் விஷம் குடித்த குடும்பங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோமே!

பாங்கிகளின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும், இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் பாங்கி கட்டளையிட்டது. உங்கள் ஆளுக்கும் அதே கட்டுப்பாட்டைப் போடுங்கள்.

மூல ஓலை எங்கே?

சுந்தரமூர்த்தி நாயனார் கதை உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, "நீ எனக்கு அடிமை" என்று ஓலையைக் காட்டினார். மாப்பிள்ளை அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது நகல்! திருவெண்ணெய்நல்லூர் சபையில் மூல ஓலையை எடுத்து நீட்டினார். பாட்டனாரின் கையெழுத்தை ஒத்துப் பார்த்தார்கள். கிழவர் ஜெயித்தார்.

நீங்களும் ஏஜென்சியிடம் நகலை மட்டும் கொடுங்கள். புரோநோட்டும் வாடகை ஒப்பந்தமும் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

தேதியையும் பாருங்கள். கேட்கும்போது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 வருடம்தான் ஆயுள். வாடகை பாக்கிக்கும் 3 வருடமே. அந்தக் கெடு முடிவதற்குள், "இவ்வளவு பாக்கி உண்டு" என்று பாக்கிதாரர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும். நல்ல ஏஜென்சி முதலில் வாங்கிவரவேண்டியது இந்தக் கையெழுத்தைத்தான்.

செக்கு திரும்பி வந்ததா? அங்கே வருடக் கணக்கு இல்லை, நாள் கணக்கு. பாங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீசு அனுப்பவேண்டும். அவருக்கு 15 நாள் அவகாசம். பிறகு ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். இதற்கு ஏஜென்சி எதற்கு? நேராக வக்கீலிடம் போங்கள்.

பூட்டுப் போடாதீர்கள்

வாடகை வரவில்லை என்று கரண்டையும் தண்ணீரையும் நிறுத்துகிறவர்கள் உண்டு. அது சட்ட விரோதம். 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் அமலில் இருக்கிறது. 2 மாத பாக்கி நின்று, நோட்டீசு கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், வீட்டைக் காலி செய்ய வாடகைக் கோர்ட்டில் மனுப் போடலாம். ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்திருக்கவேண்டும்.

செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. அதுதான் லோக் அதாலத். வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே போகலாம். கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. இரண்டு பேரும் சம்மதித்தால் தவணை போட்டுத் தீர்ப்பு எழுதுவார்கள். அதற்கு அப்பீல் இல்லை. கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும், சிதம்பரத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவிடமும் மனுக் கொடுக்கலாம். போகும்போது கணக்கு நோட்டையும், பாக்கிதாரரின் சரியான விலாசத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.