விளையாட்டுப் பாடவேளையில் யார் விளையாடுகிறார்கள்?

மாணவர்களின் உடலியக்கத்தை அளக்கும் கணக்கெடுப்புகளில் வழக்கமாக இடம்பெறும் கேள்வி ஒன்று உண்டு. கடந்த ஏழு நாட்களில் எத்தனை நாட்கள் குறைந்தது 60 நிமிடங்கள் உடலுழைப்புடன் இருந்தாய் என்பதே அது. உலக சுகாதார நிறுவனத்தின் பள்ளி மாணவர் நலக் கணக்கெடுப்பு இவ்வகையைச் சேர்ந்தது. இந்தியாவில் அது 2007இல் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நடத்தப்பட்டது. 5 முதல் 17 வயது வரையிலான குழந்தைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்னும் பரிந்துரையே இக்கேள்வியின் அடிப்படை.

மருத்துவ நோக்கில் இக்கேள்வியில் பிழையில்லை. ஆனால் சாதியச் சமூகத்தின் பள்ளியொன்றில் அது எதை அளக்கும்? இதயத்துடிப்பைக் கூட்டும் எச்செயலும் உடலியக்கம்தான். பேருந்து நிற்காத காலனியிலிருந்து மூன்று கிலோமீட்டர் நடந்து வரும் சிறுமியும், வகுப்பறையைப் பெருக்கித் தண்ணீர்க் குடம் சுமக்கும் சிறுவனும் ஏழு நாட்களுக்கும் ‘ஆம்’ என்று குறிக்கலாம். கபடி ஆடி வந்த வியர்வையும் கழிப்பறை கழுவி வந்த வியர்வையும் அட்டவணையில் ஒரே எண்ணாகிவிடும். தலித் குழந்தைகள் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பானவர்கள் என்றுகூட அறிக்கை எழுதிவிட முடியும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஈரோடு மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில், பட்டியல் சாதி மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்ததாக எழுந்த புகாரில் தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். இத்தகைய வேலை பாடவேளைக்குள் வாங்கப்படும்போது, பெரும்பாலும் பறிபோவது கணக்கோ ஆங்கிலமோ அல்ல. தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வதும் பி.டி. பீரியடைத்தான், அது எல்லாக் குழந்தைகளுக்கும் நேரும் இழப்பு. கையில் துடைப்பம் தரப்படுவது சிலருக்கு மட்டும் நேர்வது. ஆகவே ‘உடற்கல்விப் பாடவேளை நடந்ததா?’ என்பதோடு நிறுத்தாமல், ‘அந்நேரத்தில் நீ என்ன செய்தாய், உன்னோடு யார் செய்தார்கள்?’ என்றும் கேட்க வேண்டும்.

அரசின் தரவுகளும் உதவுவதில்லை. பள்ளிகள் ஆண்டுதோறும் நிரப்பும் யூடைஸ் படிவத்தில் விளையாட்டுத் திடல் உண்டா, இல்லையா என்பது பதிவாகிறது. திடல் இல்லாத பள்ளி, அருகிலுள்ள பொதுத்திடலில் விளையாட ஏற்பாடு செய்திருந்தால் அதையும் குறிப்பிடலாம். படிவத்தை நிரப்புவது பள்ளி நிர்வாகம். அந்தப் பொதுத்திடல் ஊர்த்தெருவில், கோயிலை ஒட்டி இருந்தால் அங்கே காலனிப் பிள்ளைகள் கால் வைக்க முடிகிறதா என்பதைப் படிவம் கேட்பதில்லை. அதைக் குழந்தைகளிடம்தான் கேட்க முடியும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் அட்டவணை விளையாட்டுத் திடலையும் விளையாட்டுக் கருவிகளையும் பள்ளியின் தகுதி வரையறைகளாக வைக்கிறது. பிரிவுகள் 8(இ), 9(இ) ஆகியவை, நலிந்த பிரிவுக் குழந்தைகள் எந்தக் காரணத்தாலும் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் காக்கும் கடமையை அரசுக்கும் உள்ளாட்சிக்கும் விதிக்கின்றன. திடல் இருப்பது முதற்படிதான். அதில் பாகுபாடின்றி விளையாட முடிவதும் இச்சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. கபடி தொட்டு ஆடும் ஆட்டம். அணி பிரிக்கும்போது கடைசிவரை அழைக்கப்படாமல் நிற்பவர் யார், ஆட்டம் முடிந்தபின் ஒரே குவளையில் நீர் அருந்துகிறார்களா என்பவை அரசியல் சாசனத்தின் 17ஆம் உறுப்போடு தொடர்புடைய கேள்விகள். பெண் குழந்தைகளிடம் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: கழிப்பறையில் தண்ணீர் இல்லாததால் எத்தனை நாட்கள் திடலுக்குப் போகவில்லை?

கேட்கும் முறையில் தவறினால் கணக்கெடுப்பே தீங்காகும். உதவித்தொகைக்காக ‘எஸ்.சி. பசங்க எழுந்திருங்க’ என்னும் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். வகுப்பறையில் சாதியை வாய்விட்டுக் கேட்பது மீண்டும் அதே அவமானம். பெயரில்லாத தாள், ஆசிரியர் இல்லாத அறை, பூட்டிய பெட்டி, பெற்றோர் ஒப்புதல், பதிலளிக்க மறுக்கும் உரிமை ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள். ஒரு வகுப்பில் இரண்டே அருந்ததியர் பிள்ளைகள் இருந்தால், உட்பிரிவு வாரியாக அவ்வகுப்பின் முடிவை வெளியிடுவது அவர்களைக் காட்டிக்கொடுப்பதாகும். பல பள்ளிகளின் விடைகளைச் சேர்த்தே வெளியிட வேண்டும்.

பெயர் மறைப்பதில் ஒரு வழக்கறிஞருக்கு இக்கட்டும் உண்டு. பெயரில்லாத தாள் குழந்தையைக் காக்கும். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குக்கு அது மட்டும் சாட்சியமாகாது. எனவே புகாரளிக்க விரும்பும் குழந்தை நம்பிக்கையான ஒருவரைத் தனியே அணுகும் வழியையும் முன்கூட்டியே அமைக்க வேண்டும். பயிற்சியாளரின் பாலியல் அத்துமீறலைப் பற்றி ஒரு குழந்தை எழுதினால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கணக்கெடுப்பாளரின் கட்டாயக் கடமை. இதைத் தாளைக் கொடுப்பதற்கு முன்பே குழந்தைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

முடிவுகளை எங்கே கொண்டுசெல்வது? அரசுப் பள்ளியாயின் முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் இக்குழுவே. அங்கே அசைவில்லையெனில் 32ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்கலாம். இருதரப்பையும் விசாரித்து மூன்று மாதங்களுக்குள் அது முடிவு சொல்லியாக வேண்டும். அம்முடிவு ஏற்புடையதாக இல்லையெனில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.