வாப்பாவின் அம்பாசிடரைப் பிரிக்கும் முன்

நம் ஊரில் சில வீடுகளின் கொல்லையில் இன்னும் ஒரு பழைய அம்பாசிடர் நிற்கிறது. வாப்பா ஓட்டிய வண்டி. பிரசவ வலி எடுத்த மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், தெருக்காரர்களின் கல்யாணத்துக்கெல்லாம் மாப்பிள்ளையை ஏற்றிப்போனதும் அதுதான். விற்க மனம் வராது, ஓட்டவும் முடியாது. ஒருநாள் வீட்டுப் பிள்ளை ஸ்பானரை எடுத்துக்கொண்டு, "நானே சரிபண்ணிடுறேன்" என்று இறங்குகிறான்.

நல்ல காரியம்தான். ஆனால் ஆர்வத்தில் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு, திரும்பச் சேர்க்கத் தெரியாமல், காயலான் கடைக்கு எடைக்குப் போகும் வண்டிகளும் உண்டு.

என் தவறு வேறு விதம். எங்கள் வண்டி 1972 மாடல். வாப்பா மௌத்தானபின் நாலு வருடம் ஓடாமல் நின்றது. நான் முதலில் செய்த வேலை பெயிண்ட் அடித்தது. பளபளவென்று இருந்தது. ஒரு மழைக்காலம் முடிந்ததும் கதவுகளுக்குக் கீழே பெயிண்ட் கொப்புளித்துக்கொண்டு வந்தது. கிளறிப் பார்த்தால் அங்கே தகடே இல்லை. பழைய பட்டியின் மேல் புதுப் பட்டி பூசியிருந்தார்கள். செலவழித்த பணம் மொத்தமும் போனது. எந்த வேலை முதலில், எது கடைசியில் என்பதை அதற்குப் பிறகுதான் கற்றேன்.

ஏன் அம்பாசிடர்?

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாகக் கொண்டு, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரித்த வண்டி இது. 2014 வரை உற்பத்தி நடந்தது. 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் கம்ப்யூட்டரும் சென்சாரும் கிடையாது. பானட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும். ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் தேடினால் பாகங்களும் கிடைக்கும்.

முதலில் ஆர்.சி. புத்தகம்

வண்டி இன்னும் வாப்பா பெயரிலேயே இருந்தால், அது எல்லா வாரிசுகளுக்கும் உரிய சொத்து. ஒருவர் பணம் போட்டுச் சரிசெய்தபின் மற்றவர் பங்கு கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும். ஆகவே முதலில் உட்கார்ந்து பேசுங்கள். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவற்றுடன் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றுங்கள். சொந்த உபயோகக் கார்களுக்குப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு, படிவம் 25 மூலம் ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. அதன்படி புதிதாகப் பதிவு செய்யும் வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகளுடன் தனி எண் தருவார்கள். பத்து வருடம் செல்லும். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினம் கடைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஓட்ட முடியாது. பாடி, எஞ்சின் முதலியவை பெரிய மாற்றமில்லாமல் அசல் வடிவில் இருக்கவும் வேண்டும். ஆகவே எஞ்சினை மாற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அடுத்து துரு

அம்பாசிடரில் பாடியைத் தாங்கத் தனிச் சட்டம் கிடையாது. பாடியேதான் பாரத்தைச் சுமக்கிறது. அதனால் தரைத்தகடும் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியும் அரித்துப்போனால், அது வண்டியின் முதுகெலும்பு போனதற்குச் சமம். மிதியடிகளைத் தூக்கிப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி இருக்கிறது என்று பொருள். இந்தப் பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் போதும். செலவு தாங்குமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வெல்டிங் செய்வது அனுபவசாலியின் வேலை. கற்பவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.

ஓட வைக்கும் முன் நிற்க வையுங்கள்

எஞ்சின் உறுமும் சத்தம் கேட்க எல்லோருக்கும் ஆசை. ஆனால் பிரேக்தான் முதலில். பழைய அம்பாசிடரில் நாலு சக்கர பிரேக்குக்கும் ஒரே ஆயில் சுற்றுதான். ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நாலும் போய்விடும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் ரப்பர்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் தவிர வேறு எந்த எண்ணெயையும் ஊற்றக் கூடாது. ஊற்றினால் ரப்பர் உப்பிவிடும். ஹேண்ட் பிரேக் தனிக் கேபிளில் இயங்குவதால் ஆபத்தில் அது ஒன்றுதான் துணை. அதையும் சரிசெய்யுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். டிரம்முக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ ஹாலோ பிளாக் கல்லை அடுக்கியோ வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, அசைத்துப் பார்த்தபின் நுழையுங்கள்.

பிறகு எஞ்சின்

நின்றுபோன எஞ்சினை உடனே செல்ஃப் அடிக்க வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்துக் கையால் சுற்றுங்கள். சிரமமில்லாமல் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆயிலை மாற்றுங்கள். பாயிண்டைச் சுத்தம் செய்து இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டருக்கு வையுங்கள். பிளக் ஒயர்களைக் கழற்றும் முன் எண் எழுதி ஒட்டுங்கள். இந்த எஞ்சின் 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிக்கும். ஒயர் மாறினால் ஓடாது.

டேங்கிலுள்ள பழைய பெட்ரோலைக் கொட்டிச் சுத்தம் செய்யுங்கள். பெட்ரோல் ஹோஸ்களைப் புதிதாக மாற்றுங்கள். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும். இந்த எஞ்சினில் கார்பரேட்டரும் சூடான சைலன்சர் குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஹோஸ் கசிந்தால் தீப்பிடிக்கும்.

கற்கும் விதம்

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும். கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். நட்டு போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். ஒன்றை மாட்டி முடிக்காமல் இன்னொன்றைக் கழற்றாதீர்கள்.

அதைவிட முக்கியம், இந்த வண்டியிலேயே கை பழகிய மெக்கானிக்குகள் நம் ஊர்களில் வயதாகி வருகிறார்கள். காதால் கேட்டே கோளாறு சொல்லும் அவர்களின் வித்தை எந்தப் புத்தகத்திலும் இல்லை. வாரத்தில் ஒருநாள் பிள்ளையை அவர்களிடம் அனுப்புங்கள். பிரேக் வேலையை அவர் ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. இன்சூரன்ஸ் இல்லாமலும் தாண்டக் கூடாது. யாருக்காவது அடிபட்டால் நஷ்டஈடு முழுவதும் உங்கள் குடும்பத்தின் தலையில் விழும்.

எங்கள் வண்டி இப்போது ஓடுகிறது. பெயிண்ட் இன்னும் திட்டுத்திட்டாகத்தான் இருக்கிறது. அது கடைசி வேலை, அவசரமில்லை. சென்ற மாதம் உம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்துக் கடைத்தெரு வரை போய்வந்தேன். பிரேக் மிதித்த இடத்தில் நின்றது.