ஜி.எஸ்.டி. ரோடு ஏன் இப்படி நெரியுது?

இன்னைக்கு நான் பேசப்போறது சென்னை ஜி.எஸ்.டி. ரோடு பற்றி.

கத்திப்பாராவிலிருந்து பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் வழியாகத் தெற்கே போகிற இந்த ரோடு இரண்டு வேலை பார்க்குது. திருச்சி போகிற நெடுஞ்சாலையும் இதுதான், குரோம்பேட்டைக்காரர் கடைக்குப் போகிற தெருவும் இதுதான். கிழக்கே ஒட்டியே ரயில் பாதை; அந்தப் பக்கம் போக மேம்பாலம், சுரங்கப்பாதை என்று சில வழிகள்தான். எல்லா வண்டியும் அங்கே வந்து குவியும்.

2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தாங்க. வெளியூர் பஸ் அங்கேயே நின்னுட்டா நெரிசல் குறையும்னு கணக்கு. ஆனா இறங்கினவர் வீட்டுக்குப் போகணுமே? மூட்டையோடு மாநகரப் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிச்சு அதே ரோட்டில்தான் வருவார். பக்கத்திலேயே ரயில் ஓடியும், திறந்த அன்னைக்கு அங்கே ஸ்டேஷன் இல்லை. என்னைக் கேட்டா, முனையத்துக்கு முன்னாடி ஸ்டேஷன் வந்திருக்கணும்.