டிவியோடு கம்ப்யூட்டரை இணைத்தாச்சா? உஷார்!

பெட்ரூம் கம்ப்யூட்டரில் கிடந்த கல்யாண வீடியோ, ஹாலில் இருக்கும் 43 இன்ச் டிவியில் ஓடுகிறது. ஒயர் இல்லை, பென்டிரைவ் இல்லை. வீடே கூடி உட்கார்ந்து பார்க்கிறது. எல்லாம் சரி. அந்தப் படம் வருவதற்காக கம்ப்யூட்டரில் எதையெல்லாம் மாற்றினீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

முதலில் டிவியில் கம்ப்யூட்டரின் பெயரே வந்திருக்காது. யூடியூபில் தேடியிருப்பீர்கள். ‘ஃபயர்வாலை ஆஃப் பண்ணிட்டு ட்ரை பண்ணுங்க ப்ரோ’ என்று யாரோ கமென்ட் போட்டிருப்பார். ஆஃப் செய்தீர்கள். ‘பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்’கை எடுக்கச் சொன்னார் இன்னொருவர். எடுத்தீர்கள். ஃபோல்டருக்கு ‘எவ்ரிஒன்’ போட்டு, ‘ஃபுல் கன்ட்ரோல்’ டிக் அடித்தீர்கள். கடைசியில் எதனால் படம் வந்தது என்று உங்களுக்கே தெரியாது. வந்ததே போதும் என்று எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டீர்கள்.

பந்தல் போட காம்பவுண்டு சுவரை இடித்தவர்கள், விசேஷம் முடிந்த பிறகும் அதைக் கட்டாமல் விட்ட கதைதான் இது. டிவிக்காகத் திறந்த வழியில் டிவி மட்டும்தான் வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

உங்கள் ஆதார் டிவியில் தெரிகிறதா?

கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களையும் வீடியோக்களையும் டிவியே தேடி எடுத்துக்கொள்ளும் வசதிக்கு விண்டோஸில் ‘மீடியா ஸ்ட்ரீமிங்’ என்று பெயர். டிஎல்என்ஏ என்ற பழைய முறையில் இயங்குவது. இதை ஆன் செய்தால் ‘பிக்சர்ஸ்’, ‘மியூசிக்’, ‘வீடியோஸ்’ மூன்றும் மொத்தமாகத் திறந்துகொள்ளும். பார்க்க வருகிறவரிடம் பாஸ்வேர்டு கேட்கும் வழக்கம் இதற்குக் கிடையாது.

கல்யாண வீடியோதானே, யார் பார்த்தால் என்ன என்கிறீர்களா? விண்டோஸ் பட்டனையும் பிரின்ட் ஸ்கிரீனையும் சேர்த்து அழுத்தி எடுக்கும் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டருக்குள்தான் போய் உட்காரும். மைக்ரோசாஃப்டின் ‘விண்டோஸ் ஸ்கேன்’ ஆப்பில் ஸ்கேன் செய்தவையும் அங்கேதான் சேரும். வங்கி பேலன்ஸைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட், ஆதார், பான் கார்டு, வீட்டுப் பத்திரத்தின் முதல் பக்கம் என்று வரிசையாக வந்து நிற்கும். டிவி ரிமோட்டை எடுத்து அந்த ஃபோல்டருக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். எத்தனை தெரிகிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் பார்க்க ஹேக்கர் வரவேண்டியதில்லை. வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த யாராக இருந்தாலும் போதும். மாடியில் குடியிருப்பவரும் கீழே இருக்கும் ஹவுஸ் ஓனரும் ஒரே ஃபைபர் கனெக்‌ஷனைப் பங்குபோட்டுக்கொள்ளும் வீடுகள் நம் ஊரில் எத்தனை! பையனின் டியூஷன் நண்பர்கள், போன வருஷம் ஏசி சர்வீஸுக்கு வந்தவர், காலி செய்துபோன பழைய வாடகைக்காரர் எல்லோர் போனிலும் உங்கள் பாஸ்வேர்டு இன்னும் பத்திரமாக இருக்கிறது.

லேப்டாப் என்றால் இன்னொரு சிக்கல். பாஸ்வேர்டு ஷேரிங்கை அணைத்தீர்கள் அல்லவா, அந்த செட்டிங் எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள்: ‘ஆல் நெட்வொர்க்ஸ்’. வீட்டுக்கென்று நினைத்து அணைத்தது எல்லா இடத்துக்கும் சேர்த்து அணைந்திருக்கிறது. ஃபயர்வாலும் இல்லாமல் அதே லேப்டாப்பை லாட்ஜ் வைஃபையிலோ ரயில்வே ஸ்டேஷன் வைஃபையிலோ போட்டால், முன்பின் தெரியாதவர்கள் நடுவே திறந்த பெட்டியை வைத்ததாகிவிடும்.

‘எஸ்எம்பி 1’ டிக் அடித்தீர்களா?

சில பழைய டிவிகளும் மீடியா பிளேயர்களும் புது விண்டோஸின் ஃபோல்டரைத் திறக்க முடியாமல் தடுமாறும். அதற்கு இணையத்தில் கிடைக்கும் வைத்தியம், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ‘எஸ்எம்பி 1.0’ என்ற பழைய ஃபைல் ஷேரிங் முறைக்கு டிக் அடிப்பது. தயவுசெய்து வேண்டாம்!

2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிவைத்த வான்னாகிரை வைரஸ் நினைவிருக்கிறதா? கம்ப்யூட்டரில் இருந்த ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டு, பணம் கட்டினால்தான் சாவி என்று மிரட்டியது. சுமார் 150 நாடுகளில் புகுந்தது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஆந்திர போலீஸின் கம்ப்யூட்டர்களும் மாட்டின. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்கு அது தாவிய வழி இதே எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டைதான். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2 மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள் அகப்பட்டார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து, புதிதாக நிறுவும் விண்டோஸ் 10-இல் எஸ்எம்பி 1-ஐ இயல்பாகச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். விண்டோஸைத் தயாரிக்கும் கம்பெனியே வேண்டாம் என்று ஒதுக்கியதை ஒரு சினிமா பார்ப்பதற்காக நாம் மறுபடி கூப்பிட்டு உட்காரவைக்கிறோம்.

உங்கள் கம்ப்யூட்டரில் இன்னும் விண்டோஸ் 10 ஓடுகிறதா? 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. அப்டேட்டும் வராமல், ஃபயர்வாலும் இல்லாமல், எஸ்எம்பி 1-ம் ஆனில் இருந்தால் நிலைமையை யோசித்துப்பாருங்கள்.

ரவுட்டர் தானாகத் திறக்கும் வழி

வைஃபை ரவுட்டரில் யுபிஎன்பி என்று ஒரு வசதி உண்டு. வீட்டிலுள்ள கருவி ஒன்று ‘எனக்கு வெளியிலிருந்து வர வழி வேண்டும்’ என்று கேட்டால், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே ரவுட்டர் திறந்துவிடும். 2019 ஜனவரியில் இரண்டு ஹேக்கர்கள் இதைவைத்தே உலகம் முழுக்க டிவியில் செருகும் ஆயிரக்கணக்கான குரோம்காஸ்ட்களிலும் ஸ்மார்ட் டிவிகளிலும் தங்கள் இஷ்டத்துக்கு ஒரு வீடியோவை ஓடவிட்டார்கள். ‘உங்கள் டிவி இணையத்தில் திறந்து கிடக்கிறது’ என்று எச்சரித்துவிட்டு, கூடவே பியூடிபை என்ற யூடியூபரின் சேனலை சப்ஸ்கிரைப் செய்யச் சொன்னதோடு போய்விட்டார்கள். அவர்களுக்கு விளம்பரம் போதுமாக இருந்தது. பணத்துக்காக வருகிறவன் டிவியில் அறிவிப்பு போட்டுவிட்டு வரமாட்டான்.

யார் வீட்டு டிவியில் ஓடுகிறது?

ஃபோல்டரைத் திறக்காமல் திரையை மட்டும் அனுப்பும் வழி மிராகாஸ்ட். விண்டோஸ் பட்டனோடு ‘கே’ எழுத்தை அழுத்தினால் பக்கத்திலுள்ள டிவிகளின் பட்டியல் வரும். இதற்கு ரவுட்டர்கூடத் தேவையில்லை. கம்ப்யூட்டரும் டிவியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். ஃபோல்டர் ஷேரிங்கைவிட இது எவ்வளவோ மேல். இதிலும் இரண்டு இடத்தில் கவனம் தேவை.

அபார்ட்மென்டில் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். தீபாவளி ஆஃபரில் எல்லோரும் ஒரே மாடலை வாங்கியிருப்பார்கள். ஒரே பெயரில் மூன்று டிவி நிற்கும். அவசரத்தில் ஒன்றைத் தட்டினால் உங்கள் ஆபீஸ் மெயில் எதிர் வீட்டு ஹாலில் விரியக்கூடும். அனுமதி கேட்கும் அறிவிப்பை அணைத்துவைத்த டிவி என்றால், கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, திரையில் வந்து விழும் அறிவிப்புகள். சினிமா நடுவே வாட்ஸ்அப் செய்தி, மெயிலில் வந்த ஓ.டி.பி, டாக்டர் அனுப்பிய ரிப்போர்ட் எல்லாம் 43 இன்ச்சில், உறவினர்கள் முன்னால் வந்து நிற்கும். விண்டோஸ் 11-இல் திரையை ‘டூப்ளிகேட்’ செய்தால் அறிவிப்புகள் தானாக அடங்கும்படி வைத்திருக்கிறார்கள். ‘எக்ஸ்டெண்ட்’ செய்தால் அந்த ஏற்பாடு வேலை செய்யாது. நீங்களேதான் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட வேண்டும்.

டிவியும் உங்களைப் பார்க்கிறது

வம்பே வேண்டாம், எச்.டி.எம்.ஐ கேபிளையே போட்டுவிடுகிறேன் என்கிறீர்களா? அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. திரையில் என்ன ஓடுகிறது என்று அடையாளம் கண்டு கம்பெனிக்குத் தகவல் அனுப்பும் ஏ.சி.ஆர் என்ற தொழில்நுட்பம் பல ஸ்மார்ட் டிவிகளில் இருக்கிறது. அமெரிக்காவில் 1.1 கோடி டிவிகளிலிருந்து, மக்கள் பார்ப்பதை நொடிக்கு நொடி சேகரித்ததாக விசியோ நிறுவனத்தின் மேல் புகார் எழுந்தது. 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டி அது வழக்கை முடித்துக்கொண்டது. 2024-இல் பிரிட்டன், ஸ்பெயின், அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம்சங், எல்ஜி டிவிகளை ஆராய்ந்தபோது, டிவியை எச்.டி.எம்.ஐ வழியே வெறும் மானிட்டராகப் பயன்படுத்தும்போதும் ஏ.சி.ஆர் இயங்குவதைக் கண்டார்கள். ஆறுதலான செய்தியும் அதிலேயே உண்டு: செட்டிங்ஸில் போய் வேண்டாம் என்று சொன்னதும் அந்தத் தகவல் ஓட்டம் நின்றது. சாம்சங்கில் ‘வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’, எல்ஜியில் ‘லைவ் பிளஸ்’ என்ற பெயரில் தேடுங்கள்.

மலிவு பெட்டி, விலை பெரிது

பழைய டிவியை ஸ்மார்ட் ஆக்க, பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகள் சல்லிசாகக் கிடைக்கின்றன. ‘எல்லா சேனலும் ஃப்ரீ’ என்பார்கள். 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் என்ற ரஷ்ய நிறுவனம், இத்தகைய பெட்டிகளில் சுமார் 13 லட்சத்தில் ‘வோய்டு’ என்ற வைரஸ் புகுந்திருப்பதை வெளியிட்டது. ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற இன்னொரு வைரஸ் வலை பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ எச்சரித்தது; சில கருவிகளில் வாங்குவதற்கு முன்பே வைரஸ் ஏற்றப்பட்டிருந்தது. அடுத்த மாதமே அதை நடத்தியவர்கள் மேல் கூகுள் வழக்குப் போட்டது. பாதிக்கப்பட்டவை 1 கோடிக்கும் மேல் என்றது.

வைரஸ் ஏறிய பெட்டி என்ன செய்யும்? உங்கள் இணைய இணைப்பை முன்பின் தெரியாதவர்களுக்கு வாடகைக்கு விடும். எங்கோ இருப்பவன் செய்யும் மோசடி உங்கள் வீட்டு முகவரியிலிருந்து நடந்ததாகப் பதிவாகும். அதே பெட்டி, ‘எவ்ரிஒன்’ என்று திறந்துவைத்த கம்ப்யூட்டர் இருக்கும் அதே வைஃபையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

‘சார், ஒரு ஆப் மட்டும் போடுங்க...’

இணைப்பு வரவில்லை என்று கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடுகிறீர்கள். முதலில் வரும் நம்பரைக் கூப்பிடுகிறீர்கள். எதிர்முனையில் தேன் ஒழுகப் பேசுவார்கள்.

“சார், உங்க டிவி வாரன்ட்டி ஆக்டிவேட் ஆகல. அதான் கம்ப்யூட்டர் காட்டல. 10 ரூபா மட்டும் கட்டணும் சார்.”

“சரி, எப்படிக் கட்டணும்?”

“நான் ஒரு ஆப் சொல்றேன், இன்ஸ்டால் பண்ணுங்க. அதுல ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க சார். மீதியை நாங்க இங்கேர்ந்தே பார்த்துக்கிறோம்.”

அவர்கள் பார்த்துக்கொள்வது உங்கள் வங்கிக் கணக்கை! அந்த நம்பரைச் சொன்ன கணமே உங்கள் திரை அவர்கள் கைக்குப் போய்விடும். 10 ரூபாய்க்காக நீங்கள் தட்டும் பின் நம்பரும் ஓ.டி.பி-யும் அங்கே தெரியும். இப்படித் திரையைக் கைமாற்றும் எனிடெஸ்க் ஆப்பைப் பெயர் சொல்லியே 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. டிவியைக் கம்ப்யூட்டரோடு இணைக்க எந்தக் கட்டணமும் கிடையாது, வெளியாள் உங்கள் திரையைப் பார்க்க வேண்டிய அவசியமும் கிடையாது. நம்பர் வேண்டுமென்றால் டிவி வாங்கிய பில்லிலோ வாரன்ட்டி கார்டிலோ பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

இன்றைக்கே செய்யுங்கள்

• ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள். பாஸ்வேர்டு ஷேரிங்கையும் ஆன் செய்யுங்கள். ‘எவ்ரிஒன்’ அனுமதியை நீக்குங்கள். எஸ்எம்பி 1 டிக்கை எடுத்துவிடுங்கள்.

• மீடியா ஸ்ட்ரீமிங் தேவையா? அதன் கருவிப் பட்டியலில் உங்கள் டிவிக்கு மட்டும் அனுமதி கொடுத்து, மற்றதைத் தடை செய்யுங்கள். ஆதார், பத்திரம், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டரிலிருந்து வெளியே எடுங்கள்.

• ரவுட்டரில் யுபிஎன்பியை அணையுங்கள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். மீடியா ஸ்ட்ரீமிங் தேவையில்லை என்றால், ‘கெஸ்ட் நெட்வொர்க்’ வசதி இருக்கும் பட்சத்தில் டிவியையும் ஆண்ட்ராய்டு பெட்டியையும் அதில் போடுங்கள். திரையைக் காட்ட மிராகாஸ்ட் போதும்; அது பெரும்பாலும் ரவுட்டரைத் தேடாது.

• டிவிக்கு உங்களுக்கு மட்டும் தெரிந்த பெயர் வையுங்கள். புதிய கருவி இணையும்போது அனுமதி கேட்கும்படி வையுங்கள். டிவிக்கு வரும் அப்டேட்டை ‘பிறகு’ என்று தள்ளாதீர்கள்.

• விண்டோஸில் ‘புரொஜெக்டிங் டு திஸ் பிசி’ என்ற இடத்தைப் பாருங்கள். அடுத்தவர் தன் திரையை உங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வழி அது. டிவியில் படம் காட்ட அது தேவையே இல்லை. ‘ஆல்வேஸ் ஆஃப்’ போட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் அணைத்ததும் டிவியில் படம் நின்றுபோனால் பயப்படாதீர்கள். ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் டிவியைப் பாருங்கள். எதில் நின்றதோ அதற்கு மட்டும் சரியான வழியைத் தேடினால் போதும். ஃபயர்வால் தடுக்கிறது என்றால், டிவிக்குத் தேவையான அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் அதில் அனுமதி கொடுக்கலாம். மொத்தமாக அணைக்க வேண்டியதே இல்லை.

தெரிந்த பையனையோ கடை டெக்னீஷியனையோ கூப்பிட்டு இணைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. படம் வந்ததும் காபி கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். “தம்பி, இதுக்காக எதையெல்லாம் ஆஃப் பண்ணினே?” என்று கேளுங்கள். அவர் சொல்லச்சொல்ல ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஃபயர்வால் என்ற பெயர் இருந்தால், அதை ஆன் செய்து, மறுபடி படம் வரவைத்துக் காட்டிய பிறகு காசைக் கொடுங்கள்.