பாதரசத்துக்குப் பாசி சொன்ன சாட்சி

பாதரச ஆவிக்கு நிறமில்லை, வாசனையில்லை. பாதரசம் கொதிக்க 357 டிகிரி வேண்டும். ஆனால் அறைச் சூட்டிலேயே மெல்ல ஆவியாகிக்கொண்டிருக்கும். மூச்சோடு உள்ளே போனால் பெரும்பங்கு ரத்தத்தில் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் தொடும். கை நடுங்கும், மறதி வரும், ஈறு வீங்கும். எல்லாவற்றுக்கும் வேறு காரணம் சொல்லிவிடலாம். பாதரசம் புழங்கும் ஆலையின் முதலாளிக்கு அதுதான் வசதி.

அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1980களில் கொடைக்கானலுக்கு இடம் மாறி வந்த தெர்மாமீட்டர் ஆலை, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை. 2001 மார்ச்சில் ஊரின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்தது வெளியே தெரிந்தது. ஊர்க்காரர்களும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீசும் தெருவில் இறங்க, ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. பணக்கார நாடுகளின் குப்பை நம் பக்கம் வருவதைத்தானே பார்த்திருக்கிறோம்!

ஆலையின் பாதரசம் காற்றில் கலந்ததற்கு என்ன சாட்சி? பாசிதான். நம் மசாலாவில் சேரும் கல்பாசி, லைக்கன் இனம். பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் கூட்டுக் குடித்தனம். அதற்கு வேர் கிடையாது. காற்றிலும் மழையிலும் வருவதைத்தான் உறிஞ்சும், கன உலோகத்தை உடம்பிலேயே தேக்கி வைக்கும். அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் மரத்தில் படர்ந்த லைக்கனையும் மற்றப் பாசியையும் சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். கொடைக்கானல் ஏரிப் பக்கத்து மாதிரிகளில், தள்ளியிருக்கும் பேரிஜம் பக்கத்தைவிடப் பாதரசம் பல மடங்கு இருந்தது.

ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசம் மீன் வழியாக மனிதரைத் தாக்கியது. அங்கே நோயாளிகள் ஆளுக்கொரு பங்கு வாங்கி, 1970-ல் யாத்ரீகர் போல வெள்ளுடை தரித்து, பாதரசக் கழிவைக் கொட்டிய சிஸ்ஸோ நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டத்துக்குள் நுழைந்தார்கள். கொடைக்கானலுக்கு 2015-ல் ஒரு ராப் பாட்டு வாய்த்தது. சோஃபியா அஷ்ரஃப் பாடிய அது இணையத்தில் உலகைச் சுற்றியது. மறு ஆண்டு மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கொடைக்கானல் ஆலையின் நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் என்றது. நோய்க்கு ஆலை காரணம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. பாட்டு மட்டும் சாதித்ததல்ல இது. பதினைந்து வருஷம் மனு எழுதி, மறியல் செய்து, கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் அந்தத் தொழிலாளர்கள்.

ஆலை மண்ணைச் சுத்தம் செய்தபின் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் மிஞ்சலாம் என்று அளவு வைத்தார்கள். சோலைக்கும் அதன் ஓடைக்கும் மேலே இருக்கும் நிலத்துக்கு இது ரொம்பத் தாராளம். பாதரசம் தனிமம்; மக்கிப்போகாது, அள்ளி எடுத்தால்தான் உண்டு.