திருச்சபை வரலாறும் ஒரு பள்ளி ஆசிரியரும்

ஐரோப்பிய வரலாற்று வகுப்பில் சமயச் சீர்திருத்த இயக்கம் நடந்துகொண்டிருந்தது. பாவமன்னிப்புச் சீட்டு விற்ற கதையைப் பேராசிரியர் விளக்கியபோது பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களுள் நானும் ஒருவன். வகுப்பு முடிந்ததும் கத்தோலிக்க நண்பன் ஒருவன் என்னிடம் வந்து, "உங்க ஊர்க் கோயில் கணக்கைப் பாடமா வெச்சா இப்படித்தான் சிரிப்பியாடா?" என்று கேட்டான். விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பல சமயத்தாரும் கூடி அமர்ந்திருக்கும் வகுப்பில் ஒரு சமயத்தின் வரலாற்றை எப்படித்தான் சொல்வது?

இந்தக் கேள்வியோடு நூலகத்தில் தேடியபோது அறிமுகமானவர் ரோலண்டு பெயின்டன். 1894இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவயதிலேயே கனடாவுக்கும் பின் அமெரிக்காவுக்கும் பெற்றோருடன் குடிபெயர்ந்தவர். 1920 முதல் 1962 வரை யேல் பல்கலைக்கழகத்தில் திருச்சபை வரலாறு கற்பித்தார். யேல் என்னும் பெயர் நமக்கு அந்நியமன்று. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த எலிஹு யேல், பிற்காலத்தில் அக்கல்லூரிக்கு நூல்களும் சரக்குப் பொதிகளும் அனுப்பினார். அதற்கு நன்றியாக 1718இல் சூட்டப்பட்ட பெயர் அது. சென்னையில் அவர் செல்வம் சேர்த்த வழிகளைச் சொல்லப் புகுந்தால் கட்டுரை திசைமாறிவிடும்.

திருச்சபை வரலாறு என்றால் போப்பாண்டவர்களின் பெயர்ப்பட்டியல் என்றே நான் எண்ணியிருந்தேன். அது பாதி கல்வி வரலாறு என்பது பிறகுதான் புரிந்தது. மறைநூலை அவரவரே படிக்க வேண்டுமாயின் முதலில் எழுத்துத் தெரிய வேண்டுமல்லவா? ஆகவேதான் மார்ட்டின் லூத்தர் 1524இல் ஜெர்மன் நகர மன்றத்தாருக்கு மடல் எழுதிப் பள்ளிகள் திறக்க வேண்டினார். பெண்பிள்ளைகளும் நாளுக்கு ஒரு மணி நேரமாவது பள்ளி செல்லட்டும் என்றார். எழுத்தறியாதவர்களுக்காக மரச்செதுக்குப் படங்கள் சண்டையிட்டன. ஒரு தரப்பு போப்பைக் கழுதைத்தலைப் பூதமாக்கியது. மறுதரப்பு லூத்தருக்கு ஏழு தலை வைத்தது! 1950இல் வெளியிட்ட லூத்தர் வரலாற்று நூலில் பெயின்டன் அக்காலப் படங்கள் பலவற்றைச் சேர்த்திருக்கிறார். உடன் பணியாற்றியவர்களையே கேலிச்சித்திரமாக வரைந்தவர் அவர். படத்தின் வலிமை அவருக்குத் தெரியாதா! யேலில் போதகர் கல்வி வளர்ந்த கதையையும் 1957இல் தனி நூலாக எழுதினார்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது செர்விட்டஸ் கதைதான். மைக்கேல் செர்விட்டஸ் ஸ்பெயின் நாட்டவர், மருத்துவர். இதயத்திலிருந்து நுரையீரல் வழியாக இரத்தம் செல்வதை எழுதியவர். கடவுள் மூவொருவர் என்ற கோட்பாட்டை மறுத்ததால் பிரான்சில் கத்தோலிக்க விசாரணைக்கு உள்ளானார். தப்பியோடியவரின் உருவப்பொம்மையை அங்கே எரித்தார்கள். சீர்திருத்தச் சபையின் கோட்டையான ஜெனீவாவில் பிடிபட்டபோது பொம்மை தேவைப்படவில்லை. 1553 அக்டோபர் 27இல் உயிரோடு எரித்தார்கள். அவர்மீது குற்றச்சாட்டுகளை வகுத்துத் தந்தவர் ஜான் கால்வின்.

பெயின்டன் தாமே புராட்டஸ்டண்டுப் போதகர். அந்தப் பக்கத்தை அவர் மூடி மறைக்கவில்லை. சரியாக 400 ஆண்டு கழித்து, 1953இல், செர்விட்டஸின் வரலாற்றை நூலாக்கினார். அதற்கு முன்பே, 1935இல், அந்தக் கொலையை எதிர்த்து எழுந்த நூலை இலத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் தந்திருந்தார். 1554இல் வெளிவந்த அந்த நூலைத் தொகுத்தவர் செபாஸ்டியன் காஸ்டெல்லியோ. ஒரு காலத்தில் ஜெனீவாவிலேயே பள்ளித் தலைமையாசிரியர்! மாணவர்கள் இலத்தீன் பழக உரையாடல் பாடநூல் எழுதியவர். கால்வினோடு கருத்து மாறுபட்டு ஊரைவிட்டு வெளியேறி, வறுமையில் உழன்று, பின் பேசல் நகரில் கிரேக்கம் கற்பித்தவர். மறுப்புக் கருத்துக்காக ஒருவனைக் கொல்லலாகாது என்று ஐரோப்பா முழுதும் கேட்கும்படி சொன்னவர் பாடம் நடத்திப் பிழைத்த ஓர் ஆசிரியர் என்பதைப் படித்தபோது, ஆசிரியப் பணியை நாடி நிற்கும் எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

இந்த வரலாற்றில் கத்தோலிக்கர் எரித்தார்கள், சீர்திருத்தக்காரர் எரித்தார்கள். பெயின்டன் இருவர் கணக்கையும் ஒரே பேரேட்டில் எழுதினார். யாரையும் பார்த்துச் சிரிக்க அங்கே இடமே இல்லை. என் பின்வரிசைச் சிரிப்பு எனக்கு நினைவுக்கு வந்தது.

லூத்தர் நூலை நண்பனிடம் கொடுத்தேன். அட்டையைப் பார்த்து முகம் சுளித்தான். பிறகு வாங்கிக்கொண்டான். தவணை முடிந்து நூலகர் என்னை இருமுறை கேட்டுவிட்டார். நண்பனோ, "இன்னும் நாப்பது பக்கம் இருக்குடா" என்கிறான்.